காடு குடுக்கிற அளவுதான் ஓடர்: வாகரையில இருந்து ஒரு அனுபவம்

2019 ஆடி மாசம் ஒரு நாள் காலம்பற டவுன்ல இருந்து கடைக்காரர் ஒருத்தர் கோல் எடுத்தார். "தங்கச்சி, உங்கட தேன் போத்தல்ட மூடியெல்லாம் தூக்கிக்கு நிக்கு, ரெண்டு போத்தல் பொங்கி ராக்கை முழுக்க ஒழுகிக் கிடக்கு, எறும்பு வேற, கெதியா வந்து எடுத்துக்கு போங்க" எண்டார். வாகரையில இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ல ரெண்டு மணித்தியாலம் கிட்டப் போகும், அவ்வளவு நேரமும் எனக்கு வயித்தப் பிசைஞ்சுகொண்டே இருந்திச்சு. போய்ப் பாத்தா 36 போத்தல்ல 14 நுரைச்சுப் போய், மூடியத் திறந்தா கள்ளு மணம். மிச்சத்தையும் நம்பி வைக்க ஏலாது எண்டு எல்லாத்தையும் பெட்டியில அடுக்கித் திரும்பக் கொண்டு வந்தன். வாங்கிப் போன ஆக்களுக்கு காசு திருப்பிக் குடுக்கவேண்டி வந்திச்சு. அந்த மாசம் சேந்து இந்த வியாபாரம் செய்யிற எங்கட பொம்புளையள் 11 பேருக்கும் பங்கு எண்டு ஒரு ரூபா இல்ல.

பின்னேரம் மாமா வந்து பெட்டியப் பாத்தார். ஏசல்ல. ஒரு போத்தலத் திறந்து மணந்து பாத்திட்டு, "மனே, நான் அண்டைக்கே சொன்னன், அடை இன்னும் மூடல்ல எண்டு" எண்டார், அவ்வளவுதான். அவர் சொன்னது உண்மை. தேன் முத்தினா தேனீ ஒவ்வொரு அறையையும் மெழுகால மூடிவிடும், மூடாத அறைக்குள்ள கிடக்கிறது தண்ணி வத்தாத பச்சைத் தேன், அது கொஞ்ச நாளில புளிக்கும். இடையில பெய்ஞ்ச மழையால அந்த முறை அடை மூடப் பிந்திச்சு, மாமா இன்னும் பத்து நாள் விடுவம் எண்டார், நான்தான் கடைக்காரருக்கு நாள் குடுத்திட்டன், சொன்ன நாளுக்குக் குடுக்காட்டி இனி எடுக்கமாட்டார் எண்டு நெருக்கினன். அம்பது வருசமா தேன் வெட்டுற மனிசன்ட வாயை, ஒரு வருசம் வியாபாரம் பழகின நான் அடைச்சன். அத இப்ப நினைச்சாலும் எனக்கு வெக்கமா கிடக்கு.

இதுல படிச்சத முதல்ல சொல்லிடுறன், தேன் வேலை செய்யிற ஆக்களுக்கு உதவும். கோடெக்ஸ் எண்டு சொல்ற சர்வதேச உணவுத் தரத்துல தேன்ட ஈரம் 20 வீதத்துக்கு மேல போகக் கூடாது எண்டு இருக்கு, அதுக்கு மேல போனா தேனுக்குள்ள இயற்கையாவே இருக்கிற ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கிடும். இத அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் எண்டு கைக்குள்ள பிடிக்கிற சின்னக் குழாய் மாதிரி ஒரு சாமான் இருக்கு, ஒரு சொட்டுத் தேனத் தடவி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தா கோடு எதில நிக்குது எண்டு தெரியும். வாங்கேக்க தேனுக்கெண்டு உள்ளதாப் பாத்து வாங்குங்க, பழச்சாறுட சீனி அளக்கிறதும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதில தேன்ட அளவு வராது, நாங்க முதல்ல அதத்தான் வாங்கி ஏமாந்தம். வாங்கின பிறகு மாமாட கண்ணையும் மீட்டரையும் ஒத்துப் பாத்தம். அடையில முக்கால்வாசிக்கு மேல மூடியிருந்தா எடுக்கலாம் எண்டு அவர் சொல்ற தேன் எப்பவும் மீட்டரில அளவுக்குள்ளதான் நிக்கும். இப்ப மீட்டர் எங்களுக்கு வாங்கிற ஆக்களுக்குக் காட்டத்தான், எடுக்கிறதா இல்லையா எண்ட முடிவு மாமாடது. அடையப் பிழியிறதும் இல்ல, வெள்ளைத் துணியில கட்டித் தொங்கவிட்டு தானா வடியவிடுவம், பிழிஞ்சா புழு இருக்கிற அடையும் சேந்து கலங்கிப் போகும். புழு அடைய மரத்திலயே விட்டுட்டு வாறது மாமாக்கள்ட பழக்கம். பழைய சாராயப் போத்தல விட்டு வாயகலமான கண்ணாடிப் போத்தலுக்கு மாறினம், சாராயப் போத்தல எவ்வளவு கழுவினாலும் உள்ளுக்க ஈரம் நிக்கும்.

நாங்க யார் எண்டு சொல்லோணும். வாகரைப் பக்கம், கடலுக்கும் காட்டுக்கும் இடையில இருக்கிற கிராமங்கள்ல கரையோர வேடர் எண்டு சொல்ற பூர்வகுடி ஆக்கள் இருக்கிறம். பேசிற மொழி தமிழ், கும்பிடுறது குமார தெய்வம், அம்மன், பிள்ளையார் எல்லாம்தான். வேடர் எண்டா சனம் மகியங்கனைக்குக் கிட்ட இருக்கிற தம்பானைப் பக்கத்தத்தான் நினைக்கும், வில்லும் கோடாலியும் தோளில போட்ட படத்தத்தான் நினைக்கும், தமிழ் பேசிற வேடர் கிழக்குக் கரையில இருக்கிறாங்க எண்டு சொன்னா மட்டக்களப்பிலயே கன பேருக்குப் புதினமா இருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டுப் படிவத்துல எங்களுக்கெண்டு ஒரு கட்டம் இருக்கல்ல, தமிழர் எண்டுதான் விழுந்திச்சு. நான் ஸ்கூல் படிக்கிற காலத்துல வேடப் புள்ள எண்டு யாரும் கூப்பிட்டா அழுதுக்கு வீட்டுக்கு வருவன், கம்பஸ் போன பிறகும் ஊர் கேட்டா வாகரை எண்டு மட்டும் சொல்லி நிப்பாட்டிடுவன். அதே பேரை ஒரு போத்தல்ட லேபல்ல அடிச்சு விக்க வேண்டி வரும்போது எனக்குள்ள என்ன நடந்திருக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

2004 சுனாமி வந்து கரையோரத்தக் கழுவிக்கு போச்சு. மறுகா 2006 கடைசியிலயும் 2007 தொடக்கத்திலயும் சண்டை. வாகரைச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து முகாம்ல கிடந்திட்டுத் திரும்பி வரேக்க வீட்டோட சேந்து விதையும் இல்ல. இதப் பத்தி யாரும் பெருசா எழுதுறதில்ல, வீடு கட்டிக் குடுத்தாங்க, கிணறு கட்டிக் குடுத்தாங்க, விதையும் குடுத்தாங்கதான், ஆனா அது பைக்கட்டில வந்த விதை. அம்மாச்சி அடுப்புக்கு மேல புகை படுற இடத்துல கட்டித் தொங்கவிட்டிருந்த குரக்கன் (கேழ்வரகு) கதிர், சுரைக்குடுவைக்குள்ள சாம்பல் போட்டு வச்ச பயறு, அந்தக் கொடிப்பூசணி, இதெல்லாம் ஒரு பட்டியல்லயும் இல்லாத இழப்பு.

அந்தக் குரக்கன் திரும்பக் கிடைச்ச கதை சின்னது. வெருகல் பக்கம் கலியாணம் கட்டிப் போன பெரியம்மா ஒருத்தி செத்த வீட்டுக்கு வந்தவ, பேச்சுவாக்குல "எங்கட வளவுல இன்னும் அந்தப் பொத்தின கைக் குரக்கன் கிடக்கு புள்ள" எண்டா. கதிர் விரல் விரிஞ்சு நிக்கிறதும் இருக்கு, கை பொத்தின மாதிரி உள்ளுக்க வளைஞ்சு நிக்கிறதும் இருக்கு, எங்கட பக்கத்துது பொத்தின கை, மழை பட்டாலும் கதிருக்குள்ள தண்ணி கெதியா இறங்காது எண்டு அம்மாச்சி சொல்லுவா. அடுத்த கிழமை போய் அரைச் சுண்டு வாங்கி வந்தம். அத வச்சுத்தான் எல்லாம் தொடங்கினது.

தொடங்கினது எண்டா ஒரு புரொஜெக்ட் எழுதி இல்ல. 11 பொம்புளையள், மாசம் ஆளுக்கு 500 ரூபா சீட்டு, அவ்வளவுதான் முதல். கடன் எடுக்கிறதில்ல எண்டு முதல் நாளே முடிவெடுத்தம், ஏனெண்டா அந்த 11 பேர்ல 7 பேர் ஏற்கனவே கிழமைக் கடன் கட்டிக்கு இருந்தவ. லோன் காசு எடுக்க ஆள் வாற நாளில வீட்டக் கதவடைச்சுப்போட்டு காட்டுக்குள்ள போய் இருந்த அக்கா ஒருத்தி எங்களோட இருக்கிறா. மெதுவாப் போனாலும் பரவால்ல, கடன்ல போகக் கூடாது எண்டு அவதான் சொன்னா, அத நாங்க இண்டைக்கு வரை மீறல்ல. பெருசா வளர்ற ஆசையில இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது பிந்தின புத்தி மாதிரித் தெரியும், ஆனா காட்டுச் சாமான் வியாபாரத்துல வருமானம் வருசத்துக்கு நாலஞ்சு மாசம்தான், கடன்ட வட்டி பன்ரெண்டு மாசமும் வரும்.

குரக்கன் மாவுக்கு வந்த முதல் முறைப்பாடு, "மா பல்லுல கறகறங்குது". எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. எங்கட நிலம் மணல், கதிர வெட்டி வளவுக்குள்ளயே போட்டு அடிச்சா மணல் சேராம என்ன செய்யும். வீட்டுக்கெண்டா அம்மாச்சி அரிக்கன்சட்டியில அரிச்சுத்தான் எடுப்பா, விக்கிறதுக்கு அவ்வளவு மெனக்கெட ஏலுமா எண்டு நாங்க அதத் தவிர்த்திட்டம். மறுகா அவவ நடுவில இருத்தி சுத்திவர இருந்து பழகினம். அரிக்கன்சட்டிட உள்பக்கம் கோடு கோடா வரி இருக்கும், குரக்கனப் போட்டு தண்ணி விட்டு, ஒரு கைய விளிம்பில வச்சு மற்றக் கையால ஒரே திக்கில ஆட்டி ஆட்டி மேல மிதக்கிற குரக்கன வேற சட்டிக்குச் சரிக்கோணும், வேகமா ஆட்டினா மணலும் சேந்து எழும்பும், மெதுவா ஆட்டினா குரக்கனும் அடியில நிண்டிடும். அம்மாச்சிட கை ஒரு தாளத்துல போகும், அவ பாக்கிறதே இல்ல, எங்களோட கதைச்சுக்கே ஆட்டுவா, கடைசியில அடியில ஒரு சிட்டிகை மணல் மட்டும் வரிக்குள்ள நிக்கும், அதக் கையால வழிச்சு எங்களுக்குக் காட்டிட்டு வெளிய வீசுவா. எனக்கு அந்தத் தாளம் பிடிபட ரெண்டு மாசம் போச்சு. அரிச்ச குரக்கன ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயவிடாம மில்லுக்குக் கொண்டு போனா மா கெதியா மக்கிப் போகும், அதையும் ஒரு முறை பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டம். இப்ப வெட்டின கதிர நிலத்துல வைக்கிறதே இல்ல, படங்குல போட்டுத்தான் அடிக்கிற, அரிக்கிற வேலையே பாதியாக் குறைஞ்சு போச்சு.

மண்ணப் பத்தி நீளமா சொல்லப் போறன், ஏனெண்டா இப்ப எல்லா இடமும் மண்ண மீட்கிற விவசாயம், இயற்கை விவசாயம் எண்டு டிரெய்னிங் நடக்குது, அதில சொல்ற கன விசயம் எங்கட பழைய சேனைப் பயிர்ச்செய்கையில இருந்ததுதான், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. முந்தி ஒரு இடத்த வெட்டி எரிச்சு ரெண்டு மூண்டு வருசம் செஞ்சிட்டு விட்டிடுவாங்க, காடு திரும்ப ஏறும், பத்துப் பதினஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் அந்த இடத்துக்குத் திரும்ப வருவாங்க. மண்ண மீட்கிற வேலையக் காடே செஞ்சிச்சு. இப்ப நகர இடம் இல்ல, ஒரு பக்கம் ஒதுக்குக் காடு எண்டு கல்லுப் போட்டாச்சு, ஒரு பக்கம் குடியேற்றம், ஒரு பக்கம் மரமுந்திரிகைத் தோட்டம். ஒரே துண்டுக்குள்ள நிண்டுகொண்டு எரிச்சு எரிச்சு விதைச்சா அது சேனை இல்ல, மண்ணத் திங்கிறது. அப்ப காடு பத்து வருசத்துல செஞ்ச வேலைய நாங்க கையால செய்யோணும்.

இத நான் கம்பஸ்ல படிச்ச தெம்பில பெரியப்பாட்ட சொல்லப் போய் பெரிய சண்டை. எரிக்காம விதைப்பம் எண்டன். அவர், நெருப்பு வைக்காட்டி களை உன்னத் திண்டிடும் புள்ள, சாம்பல் இல்லாட்டி குரக்கனுக்குப் பசி தீராது எண்டார். 2020ல அரை ஏக்கர்ல எரிக்காம விதைச்சம். அவர் சொன்ன மாதிரியே நடந்திச்சு, ஐப்பசி மழைக்கு குரக்கன விட புல்லு முன்னுக்கு எழும்பிச்சு, புடுங்கிப் புடுங்கி பொம்புளையள்ட கை கிழிஞ்சு போச்சு, பாதி விளைச்சலும் வரல்ல. நான் படிச்ச பாடம் பிழை எண்டு சொல்ல வரல்ல, எரிக்கிறத நிப்பாட்டினா எரிப்பு செஞ்ச வேலைய வேற எது செய்யும் எண்டு கேக்காம நிப்பாட்டினதுதான் பிழை. அடுத்த முறை பெரியப்பாவோடயே இருந்து யோசிச்சம். மாட்டுப்பட்டி வச்சிருக்கிற மச்சான்ட மாடுகள ஆவணி புரட்டாசியில எங்கட துண்டுக்குள்ள ராவில அடைக்கக் கேட்டம், பட்டிய நாலு நாளுக்கு ஒருக்கா பத்துப் பதினஞ்சு அடி நகத்தி நகத்தி முழுத் துண்டையும் சுத்தி வந்தம். மாடு புல்லத் திண்டு, மிதிச்சு, சாணியும் மூத்திரமும் விட்டுப் போகும். வேலிக்கு கிளிரிசிடியா எண்ட தழை மரம் நட்டு, மழைக்கு முதல் தழை வெட்டி நிலத்துல பரப்பினம். முதல் மழைக்கு முளைச்ச களைய ஒருக்கா மேலால கொத்திவிட்டு, அதுக்குப் பிறகுதான் விதைச்சம், ரெண்டு கிழமை பிந்தினாலும் பரவால்ல எண்டு. குரக்கன் தனிய இல்ல, இடையில கௌபி, பயறு, ஓரத்துல சோளம், பூசணிக்கொடிய நிலத்துல ஓடவிட்டம், பூசணி இலை நிலத்த மூடினா களைக்கு வெளிச்சம் இல்ல. சாம்பலுக்கு, பத்தைகள ஒரு மூலையில குவிச்சு அங்க மட்டும் எரிச்சு, அந்தச் சாம்பல பெரியப்பா தன்ட கையால அள்ளி வீசினார். அது அவருக்கு வேணும், மண்ணுக்கும் வேணும்.

2021 சித்திரையில இரசாயனப் பசளை இறக்குமதிய நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சு வைகாசியில வர்த்தமானியும் வந்திச்சு. அந்த வருசம் வட்டை வயல்ல நெல் வெள்ளாமை மஞ்சளாகிக் கிடந்தத மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. கார்த்திகையில திரும்ப எடுத்தாங்கதான், அதுக்குள்ள நடக்கிறது நடந்து முடிஞ்சிச்சு. அந்த நேரம் எங்களத் தேடி ஆக்கள் வந்தாங்க, நீங்க பசளை இல்லாமத்தானே செய்யிறீங்க, எங்களுக்கும் சொல்லித் தாங்க எண்டு. எனக்கு உள்ளுக்க அழுகை வந்திச்சு. அரை ஏக்கர் மேட்டு நிலத்துல மாட்டுப்பட்டி நகத்திப் பழகவே எங்களுக்கு வருசக்கணக்காப் போகும், பத்து ஏக்கர் வயலுக்கு ஒரு போகத்துல மாறு எண்டா அவங்க எங்க போவாங்க. மண்ணுக்கும் மனிசனுக்கும் மாற நேரம் குடுக்காம இயற்கை விவசாயம் எண்டு சொல்லி இந்த நாட்டுல அந்தப் பேரையே கெடுத்து வச்சிருக்கு. இப்பவும் யாரும் மாற ஆசைப்பட்டா நான் சொல்றது, முதல்ல கால் ஏக்கர், அதுவும் அந்த வருசம் விளையாம விட்டாலும் வீட்டுல அடுப்பெரியும் எண்ட அளவுக்கு மட்டும்.

மூண்டாம் வருசம் மழை விட்ட ஒரு நாள் பெரியப்பா துண்டுக்குள்ள குந்தி, விரல மண்ணுக்குள்ள விட்டார். முந்தி மழை விட்டு ரெண்டாம் நாளே மேல் மணல் வெள்ளையா உதிரும், அண்டைக்கு நாலாம் நாள், விரல் மொளி வரைக்கும் ஈரமாத்தான் வந்திச்சு, நுனியில கறுத்த மண் ஒட்டிக் கிடந்திச்சு. மணந்து பாத்திட்டு சாரத்துல துடைச்சார். ஒண்டும் சொல்லல்ல. அடுத்த வருசம் தன்ட துண்டுலயும் பட்டி அடைக்க மச்சான்ட்ட தானாப் போய்க் கேட்டார்.

யானை, பன்றி, மயில் இதெல்லாம் எங்களுக்கும் இருக்கு, அதப் பத்தி எழுதத் தொடங்கினா தனியா எழுதோணும். ராக்காவலுக்குப் பரணில ஆம்புளையள் மாறி மாறி இருக்கிறாங்க, அந்தக் கூலியையும் விலைக்குள்ள போடோணும் எண்டத மட்டும் சொல்லி விடுறன்.

விலை எண்டதும் இதையும் சொல்லோணும். முதல் ரெண்டு வருசம் பக்கத்துக் கடையில என்ன விலையோ அதுக்கு அஞ்சு ரூபா குறைச்சு வித்தம், பொம்புளையள்ட வேலைக்குக் கணக்கே போடல்ல. மறுகா ஒரு நாள் கொப்பியில எழுதிப் பாத்தம். கடைசியா போட்ட கணக்குல ஒரு கிலோ மாவுக்கு குரக்கனுக்கு 400, அரிக்கேக்க காயேக்க குறையிறதுக்கும் அந்தக் கைவேலைக்கும் 90, மில்லுக்கு 50, பைக்கட் லேபல் 45, பஸ் 30, பொதுப்பணத்துக்கு 50. 665 ரூபா வந்திச்சு. நாங்க 550க்கு வித்துக்கு இருந்தம். விலைய 700 ஆக்கினா யாரும் வாங்கமாட்டாங்க எண்டு எல்லாரும் பயந்தம், கொஞ்சப் பேர் போனாங்கதான், ஆனா மணல் இல்லாத மா எண்டு தேடி வந்த ஆக்கள் நிண்டாங்க. கடைக்கு 25 வீதம் குடுக்கேலாது எண்டு தெரிஞ்ச பிறகு கடைய விட்டுட்டு வட்ஸ்அப்ல முன்னுக்கே ஓடர் எடுத்து, டவுனுக்கு மாசம் ரெண்டு தரம் கொண்டு போய்க் குடுக்கிறம்.

பேப்பர் வேலைக்குப் பயப்படாதீங்க. பிரதேச செயலகத்துல வியாபாரப் பேர் பதிவு, பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தப் பாக்கிறது, லேபல்ல பேர், நிறை, செஞ்ச திகதி, முடியிற திகதி, பேட்ச் நம்பர், விலாசம், விலை, இதெல்லாம் இருக்கோணும். எங்கட பக்கத்து பீஎச்ஐ ஐயாதான் குசினியோட சேந்து செய்யாதீங்க, தனியா ஒரு அறை போடுங்க, நிலத்துக்கு சீமெந்து போடுங்க எண்டு சொல்லி வரைஞ்சும் தந்தார். லேபல்ல சிங்களம் எழுதினா சிங்களம் தெரிஞ்ச ரெண்டு பேரிட்ட வாசிக்கக் குடுத்திட்டு அடிங்க, நாங்க 1000 லேபல் பிழையா அடிச்சு வீசினம்.

இனிச் சொல்லப் போறதுதான் எனக்கு ஆகப் பெருசு. எங்கட பாலைப்பாணி கொஞ்சம் பேர் எடுத்த நேரம் கொழும்பில இருந்து ஒரு நிறுவனம் வந்திச்சு. பாலைப்பாணி தெரியாத ஆக்களுக்கு: பாலைப்பழம் மஞ்சளா, சின்னதா, தேன் மாதிரி இனிக்கும், பச்சையாத் திண்டா பால் உதட்டுல ஒட்டிக்கும், பழத்தப் பிசைஞ்சு கொட்டை எடுத்து வடிச்சு அடிகனத்த தாச்சியில விறகடுப்புல காய்ச்சிக் காய்ச்சி எடுக்கிற பாணி அது. கிண்டுற கைய ஒரு நிமிசம் நிப்பாட்டினா அடிப்பிடிச்சு முழுக்கக் கசந்து போகும், அகப்பையால தூக்கி விட்டா நூல் மாதிரி விழோணும், அப்பதான் இறக்கலாம். அவங்களுக்கு அது நல்லாப் பிடிச்சிட்டு. மாசம் 500 போத்தல் எண்டாங்க. பழம் இருக்கிறதே வருசத்துல ரெண்டு மாசம் எண்டு சொன்னம், எந்தக் காட்டுல மரம் நிக்குது எண்டு காட்டுங்க, ஆள் வச்சுப் பறிக்கிறம் எண்டாங்க. மறுகா போட்டோ எடுக்கோணும், மாமாவ மேல்சட்டை இல்லாம வில்லோட நிக்கச் சொன்னாங்க. மாமா கோயிலுக்குப் போற வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்து வந்து நிண்டார். "நான் தேன் வெட்டப் போனாலும் சேட்டுப் போட்டுத்தான் போற, தேனீ குத்தும்" எண்டார். அவங்க சிரிச்சாங்க, அவர் சிரிக்கல்ல.

அந்த ராவு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். 500 போத்தல்ட காசக் கணக்குப் பாத்தா எல்லாற்ற வீட்டுக்கும் கூரை மாத்தலாம். ஆனா பழம் பறிக்க வெளி ஆக்கள் வந்தா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும், ஏறுற வேலைக் கஷ்டத்துல கொப்பாவே வெட்டி விழுத்துவாங்க. பாலை மெதுவா வளர்ற மரம், நாங்க பழம் பறிக்கிற மரமெல்லாம் எங்கட பாட்டன் பூட்டன் காலத்து மரம். கரடியும் அந்தப் பழத்துக்குத்தான் வரும். நாங்க மரத்துக்குக் கீழ பழைய சீலை விரிச்சு உலுப்பி விழுறதத்தான் எடுக்கிற, உச்சியில கிடக்கிறத விட்டிடுவம், அது கரடிக்கும் குருவிக்கும்.

அண்டைக்கு மெல்பேர்ன்ல இருக்கிற என்ட மச்சாளோட வட்ஸ்அப்ல கதைச்சன். அவ அங்க பூர்வகுடி ஆக்கள் நடத்துற காட்டுச்சாப்பாட்டுத் தொழில்கள்ட சாமான் வாங்கிப் பழகினவ. மக்கடேமியா எண்ட கொட்டை அந்த நாட்டு குயின்ஸ்லாந்துப் பக்கத்து மழைக்காட்டு மரமாம், அங்கத்தய பூர்வகுடிகள் கன காலமாத் திண்ட சாமான், அத ஹவாய்க்குக் கொண்டு போய் அங்கதான் முதல்ல பெரிய வியாபாரமா ஆக்கினாங்களாம். முர்னோங் எண்டு ஒரு கிழங்கு, விக்டோரியாவில பொம்புளையள் கம்பால கிண்டி எடுத்து, கிண்டுறதாலயே மண் இளகிக் கிழங்கு பெருகுமாம், 1830கள்ல வெள்ளைக்காரர் ஆட்டுமந்தையக் கொண்டு வந்து விட்ட பிறகு கொஞ்ச வருசத்துலயே அது இல்லாத மாதிரிப் போச்சாம். இப்ப அங்க காட்டுச்சாப்பாடு நல்ல விலைக்குப் போகுது, ஆனா அந்தக் காசுல பூர்வகுடிகள்ட கைக்குப் போறது ரெண்டு வீதம் அளவுலதான் எண்டு அவங்களே சொல்லிச் சொல்லிப் போராடுறாங்களாம். கிழங்குக் கதையக் கேட்டுக்கு இருந்த அம்மாச்சி, "நாங்களும் காட்டுவள்ளி கிண்டினா தலைப்ப திரும்பக் குழிக்குள்ள வச்சு மூடிட்டுத்தானே வாற" எண்டா. அங்க இருக்கிற பொம்புளையளும் இவவும் ஒருத்தரயொருத்தர் காணப் போறதில்ல, ஆனா ஒரே வேலையத்தான் செஞ்சிருக்கிறாங்க.

மச்சாள் இன்னொண்டும் சொன்னா. 2007 செப்டெம்பர் 13ல ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடி மக்கள்ட உரிமைப் பிரகடனத்த நிறைவேத்திச்சு, இலங்கையும் ஆதரவாத்தான் வாக்குப் போட்டிருக்கு. அதில 31ஆம் உறுப்புரை, விதை, மருந்து, செடிகொடி பத்தின அறிவு எல்லாத்தையும் வச்சிருக்கவும் பாதுகாக்கவும் அந்தந்த மக்களுக்கு உரிமை இருக்கு எண்டு சொல்லுது. தமிழ்ல வாசிச்சுக் காட்டினன். மாமா ரெண்டாந்தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த நாள் ஒரு பக்கத்துல எழுதினம், இப்பவும் அந்த அறைச் சுவரில ஒட்டிக் கிடக்கு. மரம் நிக்கிற இடம் யாருக்கும் காட்டுறதில்ல. மருந்துக் கிழங்கும் வேரும் விக்கிறதில்ல, தேவைப்பட்ட ஆளுக்குக் குடுக்கிறது வேற. எவ்வளவு எடுக்கலாம் எண்டத காட்டுக்குள்ள போற மூத்த ஆக்கள்தான் சொல்லோணும், கணக்கு வச்சிருக்கிற நான் இல்ல. எங்கட அனுமதி இல்லாம எங்கட படம் இல்ல. பேர் எங்கட கையில இருக்கோணும், வேற ஆள்ட லேபலுக்குப் போத்தல் நிரப்பிக் குடுக்கிறதில்ல. வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு நான் உரக்க வாசிச்சு, ஒவ்வொண்டுக்கும் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் கைநாட்டு வாங்கினன். இந்த மாதிரி வேலை தொடங்குற ஆக்கள் வியாபாரப் பேர் பதியிறதுக்கு முதல் இத எழுதுங்க. காசோட ஆள் வாசலுக்கு வந்த பிறகு இருந்து எழுதுறது சரியான கஷ்டம், எங்களுக்குள்ள ரெண்டு அக்காமார் அந்த முடிவால கோவிச்சுப் போய் ஒரு வருசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தாங்க. அவங்கட கோவத்துல நியாயம் இருந்திச்சு, அவங்கட கூரை அண்டைக்கும் ஒழுகிச்சு. பொதுப்பணத்துல இருந்து முதல்ல மாத்தினது அந்த ரெண்டு கூரையும்தான்.

நிறுவனத்துக்கு வருசத்துக்கு 120 போத்தல்தான் தரலாம், எங்கட லேபலோட எண்டு எழுதி அனுப்பினம். பதில் வரல்ல. அந்த 120ம் வட்ஸ்அப்லயே முடிஞ்சு போச்சு.

இப்ப 23 பேர் இருக்கிறம். குரக்கன் விதை நாலு வீட்டுல பிரிச்சு வச்சிருக்கு, ஒரு வீட்டுக்கு வெள்ளம் வந்தாலும் மற்றது நிக்கும். விதை கேட்டு வாற ஆக்களுக்கு காசில்லாமக் குடுக்கிறம், விளைஞ்ச பிறகு வாங்கினதுக்கு இரட்டிப்பாத் திருப்பித் தரோணும், அது அடுத்த ஆளுக்குப் போகும். ஸ்கூல்ல என்ட மகள்ட வகுப்பில குரக்கன் புட்டுக் கொண்டு போன அண்டைக்கு, இது எங்கட அம்மாக்கள் செய்யிற மா, நாங்க வேடர் ஆக்கள் எண்டு சத்தமாச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த வருசம் வைகாசியில மழை விடாமப் பெய்ஞ்சிச்சு. ஆனி நடுவில மாமா காட்டுக்குள்ள போய் மூண்டு மரம் பாத்திட்டு வந்து, கட்டைவிரல அடை மேல அழுத்தின மாதிரிச் செஞ்சு காட்டி, தலைய ஆட்டினார். மூடல்ல. நான் அண்டைக்கு ராவே ஓடர் குடுத்த 41 பேருக்கும், இந்த முறை தேன் இல்ல, காசத் திருப்பி அனுப்புறன் எண்டு மெசேஜ் போட்டன். ஒன்பது பேர் வாங்கிட்டாங்க. மிச்ச ஆக்கள் அடுத்த வருசத்துக்கு வச்சிருங்க எண்டாங்க, அவங்கட பேரக் கொப்பியில எழுதி வச்சிருக்கன். மாமாட்டக் காட்டினன், "அடுத்த வருசமும் நான் போய்ப் பாத்திட்டுத்தான் சொல்லுவன், நாள் குடுத்திடாத மனே" எண்டார்.